முப்பத்தேழாம் இலக்கத்து வெற்றிடம்

புகையிலை விளையும் ஊரில் சிகரெற் அட்டை சேர்ப்பது எளிதல்ல. எங்கள் பக்கத்து ஆண்கள் சுருட்டுக் குடிப்பவர்கள். தோட்டத்துப் புகையிலை, பக்கத்து ஊரில் சுற்றிய சுருட்டு. அதற்குப் பெட்டியும் இல்லை, பெட்டிக்குள் படமும் இல்லை. சிகரெற் பிடித்தவர்கள் டாக்குத்தர்மார், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசிமார், மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பியவர்கள் என்று ஒரு சிலர்தான். அவர்களிலும் வசதியுள்ளவர்கள் ஐம்பது சிகரெற் அடங்கிய வட்டத் தகரமாகவே வாங்கினார்கள். எங்களுக்கு வந்த தகரங்களுக்குள் அட்டை இருப்பதில்லை. சிறிய கடதாசிப் பெட்டிக்குள் மட்டும் ஓர் அட்டை இருக்கும். அந்தப் பெட்டியை வாங்குகிறவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடித்தாலும் அவர் அட்டையை ஏற்கெனவே எறிந்திருப்பார். முப்பதுகளில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் அட்டைக்கு இருந்த மதிப்பு இப்படித்தான் உண்டாயிற்று.

நான் புகைப்பவனல்ல. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தேன். தாயும் தகப்பனும் போனபின் உடுவில் வீட்டில் தனியாகவே வாழ்ந்தேன். இரண்டு முறை கலியாணம் பேசிக் குழம்பியது. மூன்றாம் முறை பேசிக்கொண்டு வந்தவர்களிடம் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமையல் என்னுடையது, வீடு கூட்டுவது என்னுடையது, பின்னேரங்களும் என்னுடையவை. எனக்கிருந்த ஒரே உடன்பிறப்பு என் தம்பி. மலாயா றெயில்வேயில், ஈப்போவில் வேலை. அவன் சிகரெற் பிடிப்பான்.

அவன் கடிதம் எழுதுவதில் சோம்பேறி. சுகமாயிருக்கிறேன், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன் என்பதற்கு மேல் அவனுக்கு ஓடாது. ஒருமுறை அப்படியொரு கடிதத்துக்குள் ஓர் அட்டையை வைத்து அனுப்பியிருந்தான். தீப்பெட்டியிலும் சற்று நீளமான அட்டை. அதில் தொப்பி போட்ட ஓர் ஆங்கிலேயக் கிரிக்கெற் ஆட்டக்காரரின் முகம், வர்ணத்தில். கடிதத்தின் அடியில் எழுதியிருந்தான்: ‘அண்ணை, இந்த மூஞ்சையைப் பாருங்கோ. எங்கடை கணக்கு வாத்தியாரேதான்.’

பார்த்தேன். கணக்கு வாத்தியாரேதான். வீட்டில் யாரும் இல்லாமல் நான் உரக்கச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பதிலில், கீழ்உதடு சரி, ஆனால் வாத்தியாருக்கு இவ்வளவு தலைமயிர் இல்லை என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் வேறொரு முகம் வந்தது; அது எங்கள் சிற்றப்பாவைப் போல இருந்தது. இப்படித்தான் தொடங்கியது. அதன்பின் அவன் கடிதங்கள் நீண்டன. பின்னர் அட்டைகளை ஒட்டுவதற்கென்று அச்சடித்த அல்பம் ஒன்றையும் அனுப்பினான். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சதுரம், சதுரத்துக்குள் அதன் இலக்கம், கீழே ஆட்டக்காரரின் பெயரும் வரலாறும். ஐம்பது சதுரங்கள்.

ஐம்பதையும் நிறைக்க முயன்றபோதுதான் அட்டைகளின் குணம் எனக்குத் தெரிந்தது. உலகமே அறிந்த துடுப்பாட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத அளவுக்கு வந்தார்கள். வராதவர் முப்பத்தேழாம் இலக்கம். அவர் ஒரு விக்கெற் கீப்பர். பெரிய பெயரில்லை; கல்லூரிப் பையன்களிடம் கேட்டால் ஆர் அது என்பார்கள். அச்சகத்தில் குறைவாக அடித்தார்களோ, இந்தப் பக்கத்துக்கு அனுப்பிய பொதிகளில் அவரை விட்டுவிட்டார்களோ, எனக்குத் தெரியாது. பெரிய ஆட்டக்காரர் மூவரைக் கொடுத்தாலும் அவர் ஒருவர் கிடைக்கவில்லை.

சண்டிலிப்பாய் ஐயாவை நான் சந்தித்ததும் ஒரு சிகரெற் பெட்டியால்தான். சுன்னாகம் சந்தைக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்கறிப் பையோடு வந்தவன் நிலத்தில் ஒரு வெறும் பெட்டியைக் கண்டேன். சுற்றிப் பார்த்தேன். கச்சேரி உத்தியோகத்தர் தெருவில் குப்பை பொறுக்குவதை யாரும் பார்த்துவிடக்கூடாது. குனிந்தேன். என் கைக்கு முன்னால் ஒரு குடையின் நுனி வந்து பெட்டியின்மேல் ஊன்றியது.

“நான்தான் முதல் கண்டனான்” என்றார் குடைக்காரர். தடித்த உடம்பு, வெள்ளை மீசை, காலில் சப்பாத்து.

“நான் குனிஞ்சிட்டன் ஐயா.”

“குனிஞ்சாப்போலை உம்மடையோ? நல்லூரிலை தேருக்கு முன்னாலை ஆயிரம் பேர் குனியினம். தேரைக் கொண்டு போறாங்களோ?”

பெட்டியை அவர் எடுத்துத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தவர் அவர்தான்.

“உமக்கு எத்தினை குறை?” என்று கேட்டார். வேறெதையும், பெயரைக்கூட, அவர் கேட்கவில்லை.

அவர் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்துச் சண்டிலிப்பாய்க்குத் திரும்பியவர். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும் ஒரு பெரிய கல்வீட்டில் இருந்தார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் மானிப்பாய் வழியாகச் சைக்கிளில் அங்கே போவேன். அவர் தன் அட்டைகளை மேசையில் பரப்புவார், நான் என்னுடையவற்றை. ஓர் அட்டைக்கு ஓர் அட்டை. காசுக்கு இடமில்லை, இனாமுக்கும் இடமில்லை. கப்பல் படம் போட்ட அட்டை மூன்றுக்கு ஆட்டக்காரர் ஒருவர் என்பதுபோன்ற கணக்குகளை வாதாடித் தீர்ப்பதற்குள் பின்னேரமாகிவிடும். அவர் மனைவி கோப்பி கொண்டு வருவார்.

“இஞ்சாருங்கோ, தம்பி அந்தக் கப்பலைத்தானே கேக்கிறார். குடுங்கோவன். நீங்கள் ஏறிப் போகப் போறியளோ?”

“உனக்கு உதின்ரை பெறுமதி விளங்காது.”

“ஓம், எனக்கு விளங்காது. கடதாசித் துண்டுக்கு ரண்டு ஆம்பிளையள் கோழிச் சண்டை பிடிக்கிறது விளங்காதுதான்.”

அட்டைகளின் பின்பக்கத்தில் பசை பூசியிருக்கும். ஈரம் தொட்டு அல்பத்தில் ஒட்டவேண்டியது. இங்கிலாந்தில் அது வசதியாக இருந்திருக்கும். எங்கள் மாரிக்கு அது ஆகாது. ஐப்பசி பிறந்து காற்றில் ஈரம் ஏறியதும், ஒட்டாமல் நான் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்த இரட்டை அட்டைகள் எல்லாம் ஒரே செங்கல்லாக இறுகிவிட்டன. நான் யோசித்து, இடியப்பம் அவிக்கும் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அந்த ஆவியில் அவற்றைப் பிடித்தேன். பிரிந்தன. ஆனால் பின்னால் இருந்தவரின் முகம் முன்னால் இருந்தவரின் முதுகோடு வந்துவிட்டது.

அந்த ஞாயிறு இதைச் சொன்னபோது ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் அட்டைகளைத் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றின் பின்பக்கமும் வெள்ளையாக இருந்தது.

“திருநீறு” என்றார். “புரட்டாதியிலையே ஒருக்காத் தடவிப்போடவேணும். பேந்து எந்த மழைக்கும் ஒட்டாது.”

“வெள்ளைக்காரன் எல்லாரையும் சைவத்துக்கு எடுத்துப்போட்டார்” என்றார் உள்ளிருந்து மனைவி.

திருநீறு பூசிய அட்டை பிறகு அல்பத்திலும் ஒட்டாது. அவருக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அவர் அட்டைகளைக் கட்டாக வைத்திருப்பவர். எனக்கு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும். ஆகவே வந்த அட்டையை வந்த அன்றே ஒட்டிவிடும் வழக்கத்துக்கு வந்தேன். ஆண்டுகள் போக, அல்பத்தில் ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக நின்றது.

யுத்தம் தொடங்கிய அடுத்த வருடம், கடதாசித் தட்டுப்பாடு என்று கம்பனிகள் அட்டை வைப்பதை நிறுத்திவிட்டன. அந்தச் செய்தி வந்த ஞாயிறு ஐயா எந்தக் கணக்குக்கும் வாதாடவில்லை. இனி உலகத்தில் இருக்கும் அட்டைகள்தான் அட்டைகள். தொலைவதும் கிழிவதும் எரிவதும் போக மிஞ்சுவதுதான் மிச்சம். “இண்டையிலையிருந்து ஒண்டையும் சும்மா மாத்த ஏலாது. யோசிச்சுத்தான் மாத்தவேணும்” என்றார். தன்னிடம் உள்ளவற்றை அதுவரை பார்த்திராததுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

அதற்கடுத்த வருடத் தீபாவளிக்குப் பின் தம்பியின் கடிதம் ஒன்று வந்தது. முப்பத்தேழாம் இலக்கம் அவனுக்குக் கிடைத்துவிட்டதாம். ஈப்போவில் ஒரு சீனக் கடைக்காரர் பழைய பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தாராம். ஒரு மாதமாக அவரோடு கதை கொடுத்து வாங்கினானாம். முன்பு அனுப்பிய இரண்டு அட்டைகள் கப்பல் வெக்கையில் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்தன அல்லவா, இதைத் தபாலில் விட மனம் வரவில்லை. ஆடியில் லீவு கிடைக்கிறது, கையில் கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதியிருந்தான். ‘அதுவரைக்கும் வேறெங்கையும் வாங்கி ஒட்டிப்போடாதேங்கோ’ என்றும் எழுதியிருந்தான்.

ஆடிக்கு முன்னரே மலாயா யப்பான்காரர் கையில் விழுந்தது.

தபாற் கந்தோரில் நான் கொடுத்த கடிதத்தைத் தபால் மாஸ்ரர் திருப்பித் தந்தார். “மலாயாவுக்குப் போக்குவரத்து இல்லை. வைச்சிருங்கோ, பிறகு பார்ப்பம்” என்றார். எங்கள் ஊர்களில் மலாயாவில் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே இது என் வீட்டுக்கு மட்டும் வந்த துன்பமல்ல. ஆனால் மற்ற வீடுகளில் அதைப்பற்றிக் கதைக்க ஆட்கள் இருந்தார்கள். நான் கச்சேரியிலிருந்து வந்து விளக்கைக் கொளுத்தி, சோறு வடித்து, சாப்பிட்டுவிட்டு அல்பத்தை எடுப்பேன். புதிதாக ஒட்ட எதுவும் இல்லை. வெறுமையாக நின்ற சதுரத்தைப் பார்த்துவிட்டு மூடிவைப்பேன். அதற்குள் முப்பத்தேழு என்று அச்சடித்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அவன் வருவதற்கென்று நான் வைத்திருந்த இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். கட்டிலும் அலுமாரியும் யாருக்கும் கொடுக்கலாம்.

ஒரு வருடம் போனது. அடுத்த மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு, ஐயா என்னைக் கண்டதும் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மேசையில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. நடுவில் ஓர் அட்டை.

“பாரும்” என்றார்.

முப்பத்தேழு. கொழும்பில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவரின் வீட்டுச் சாமான்களுக்குள் கிடந்ததாம். அந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், கொஞ்சம் மிரண்ட பார்வை. யாரைப்போல இருக்கிறார் என்று தம்பிக்கு எழுதவேண்டும் என்று மனம் தானாகவே நினைத்தது.

“எனக்கெண்டு ஒண்டு ஏற்கெனவே இருக்கு. இது உமக்கு. பதிலுக்கு அந்த நீலக் கப்பலைத் தாரும், காணும்.”

நீலக் கப்பல் இந்த அட்டைக்குப் பெறுமதியே இல்லை. அவர் கிட்டத்தட்ட இனாமாகத் தருகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அட்டையைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். திருப்பினேன்.

“மூலை மடிஞ்சிருக்கு ஐயா” என்றேன்.

“என்ன?”

“இந்த மேல் மூலை. ஒரு சின்ன மடிப்பு.”

அவர் முகம் சிவந்தது. “எட்டு வரியமாய் இதுக்காகத் திரிஞ்ச மனிசன் நீர். தெருவிலை பெட்டி பொறுக்கினனீர். இப்ப உமக்கு மூலை சரியில்லையோ? பொம்பிளை பார்க்க வந்தவை குறை சொல்லுற மாதிரிச் சொல்லுறீர்!”

அட்டையைக் கைக்குட்டையில் திரும்ப வைத்தேன். எனக்கு நடந்ததை விளக்கத் தெரியவில்லை. கதவடியில் கோப்பியோடு நின்ற அவர் மனைவிதான் சொன்னார்.

“விடுங்கோ. தம்பிக்காரன் கொண்டு வாறன் எண்டு எழுதினது உங்களுக்குத் தெரியுந்தானே. இவர் இதை வாங்கி ஒட்டினால், அவர் வரமாட்டார் எண்டு இவரே முடிச்சமாதிரி.”

ஐயா கதிரையில் இருந்தார். நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு கைக்குட்டையின் நான்கு பக்கத்தையும் மடித்து அட்டையை மூடினார்.

“அப்ப இது இஞ்சை கிடக்கட்டும்” என்றார். “கோப்பியைக் குடியும்.”

அதன்பின் அவர் அதைப்பற்றி வாயெடுக்கவில்லை. ஞாயிறுகளில் போனேன். மேசையில் பழைய அட்டைகளைப் பரப்பினோம். மாற்ற ஒன்றும் இல்லாததால் போன கிழமை மாற்றியதையே இந்தக் கிழமை திருப்பி மாற்றினோம்.

மலாயா விழுந்த மூன்றாம் வருடப் புரட்டாதியில் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார். இறந்தவர்களுக்குப் படைக்கும் மாளயம் நெருங்கியிருந்தது. என் தாய் தகப்பனுக்கு வழக்கமாகக் கொடுப்பதைப்பற்றிக் கதைத்துவிட்டு, செருப்பைப் போடப்போனவர் திரும்பி நின்றார்.

“நாள் தெரியாமல் போனவைக்கும் மாளயத்திலை குடுக்கலாம். ஐயரைக் கேட்டனான். தோஷம் இல்லையாம். நீயும் ஒரு முடிவுக்கு வரத்தானே வேணும்.”

“தாய் தகப்பன்ரை பேர் மட்டும் காணும் சித்தப்பா.”

“எத்தினை காலத்துக்கு?”

“அது மட்டும் காணும்.”

அவர் கோபித்துக்கொண்டு போனார். நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன். அன்றைக்கு அல்பத்தை எடுக்கத் துணிவு வரவில்லை.

யுத்தம் முடிந்தபின்னும் பல மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தபாலட்டை வந்தது. இரண்டு வரி, தம்பியின் கையெழுத்து, ஆனால் நடுங்கிய எழுத்து. உயிரோடிருக்கிறேன், கப்பல் கிடைத்ததும் வருவேன். நான் அதை எடுத்துக்கொண்டு, அன்று கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு, சண்டிலிப்பாய்க்குப் போனேன். ஐயாவின் மனைவி தபாலட்டையை வாங்கிச் சுவாமி அறையில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

தம்பி கொழும்பு மெயிலில் வந்து சுன்னாகத்தில் இறங்கினான். எனக்கு முன்னால் வந்து நின்று “அண்ணை” என்று சொன்னபின்புதான் ஆளைப் பிடித்தேன். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

முன்பெல்லாம் மலாயாவிலிருந்து ஒருவர் வந்தால் ஊர் திரண்டு பார்க்கப் போகும். றங்குப் பெட்டி திறக்கிறபோது பக்கத்தில் இருக்கவேண்டும்: சீத்தைத் துணி, தைலம், பிஸ்கற் தகரம், குடை. வெறுங்கையோடு திரும்புகிறவர் இல்லை. இம்முறையும் ஊர் வந்தது. ஆனால் வந்தவர்கள்தான் கொண்டு வந்தார்கள். ஒருவர் முட்டை, ஒருவர் நல்லெண்ணெய், பக்கத்து வீட்டார் தினமும் ஒரு செம்பு பால். தம்பி சுவரோடு கதிரையைப் போட்டு இருந்து, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

முதல் நாள் அவனுக்குப் பிடித்ததென்று மரவள்ளிக் கிழங்கை அவித்து, பச்சைமிளகாய்ச் சம்பலும் அரைத்து வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தான். எழும்பிப்போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தான். நான் பின்னால் போனேன்.

“அண்ணை, இது இனி வேண்டாம்” என்றான். அவ்வளவுதான்.

மலாயாவைப்பற்றி அவன் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு அறை. அவன் இல்லாத காலத்தில் அவனோடு மனத்துக்குள் எவ்வளவோ கதைத்திருக்கிறேன்; அவன் வந்தபின் அதுவும் நின்றுவிட்டது. அல்பத்தை மேசையில் கண்ணுக்குப் படும்படி வைத்தேன். அவன் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை வைத்தான்.

இரண்டாம் கிழமை சண்டிலிப்பாய் ஐயா அவனைப் பார்க்க வந்தார். மாட்டு வண்டியில் ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். அவருடைய சட்டைப் பையில் ஓர் உறை துருத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்ரேசன்களைப்பற்றி, தைப்பிங் மழையைப்பற்றி, தான் வேலை செய்த காலத்து எஞ்சின் டிரைவர்களைப்பற்றி அவர் கேட்டார். அவனும் முதன்முறையாக ஒன்றிரண்டு வசனம் கூடக் கதைத்தான். எனக்கு நெஞ்சு இளகியது. அந்த நேரம் பார்த்து ஐயா சொன்னார்:

“தம்பி, அண்ணைக்கு ஒரு சாமான் கொண்டு வாறன் எண்டு எழுதினனீராம். மனிசன் இன்னும் இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறார்.”

பகிடியாகத்தான் சொன்னார். தம்பி புரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது.

“அந்த அட்டையோ?”

“அது கிடக்கட்டும்” என்றேன் நான்.

“சிகரெற் தகரத்துக்கை எல்லா அட்டையையும் வைச்சிருந்தனான்” என்று தம்பி ஐயாவிடம் சொன்னான். “சாப்பாடு இல்லாமல் போன நேரம் அதைத்தான் விக்கக் கொண்டு போனனான். அட்டையை ஒருத்தரும் தொடேல்லை. ஒருத்தன் தகரத்தைக் கேட்டான், தண்ணி சுட வைக்க. நாலு மரவள்ளிக் கிழங்கு தந்தான். அட்டையை றோட்டுக் கரையிலை கொட்டிப்போட்டு வந்திட்டன்.”

ஐயாவின் கை சட்டைப் பையருகே போனது, அங்கேயே நின்றது, பிறகு சால்வையைச் சரிசெய்தது.

“நல்ல விலை தம்பி” என்றார் அவர். “நானெண்டாலும் குடுத்திருப்பன்.”

“அண்ணை, நீங்கள் வேறை எங்கையும் வாங்கேல்லையோ?”

“கிடைக்கேல்லை” என்றேன்.

ஐயா போகும்போது உறை அவர் பைக்குள்ளேயே போனது. படலையில் வைத்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் அதைக் கொடுத்தால், தம்பி எழுதிய அந்த ஒரு வரிக்காக நான் காத்திருந்தது முழுவதும் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

அதற்கடுத்த நாள் தொடக்கம் தம்பி பின்னேரங்களில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தொடங்கினான். “சும்மா, காத்துப்பட” என்பான். பட்டினியோடு வந்த அவன் கால் வீக்கம் முற்றாக வற்றியிருக்கவில்லை. ஆனாலும் வெளியே போகிறானே என்று எனக்குச் சந்தோசம். சுன்னாகத்தில் நான் மரக்கறி வாங்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுருட்டுக் கடைக்காரர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“உங்கடை தம்பி நாலைஞ்சு நாளாய் வந்து போறார். பழைய சிகரெற் பெட்டி ஏதும் கிடக்கோ எண்டு கேக்கிறார். நல்லூர்ப் பக்கத்துக் கடையளுக்கும் போனவராம். இப்ப ஆர் வைச்சிருக்கிறான்? வெய்யிலுக்கை அலைய விடாதேங்கோ. ஆளும் சுகமில்லைப் போலக் கிடக்கு.”

நான் மரக்கறி வாங்கவில்லை. தம்பி சைக்கிளோடு எங்கோ நின்றதால், மானிப்பாய் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து சண்டிலிப்பாய்க்கு நடந்தேன்.

“இண்டைக்கு ஞாயிறில்லையே?” என்றார் ஐயாவின் மனைவி.

“முப்பத்தேழைத் தாருங்கோ ஐயா.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. உறையை எடுத்து வந்து தந்தார். நான் நீலக் கப்பலைக் கொண்டு வரவில்லை. வேறு எதையும் கொண்டு வரவில்லை. அதைச் சொன்னேன். இனாம் வாங்குவதில்லை என்ற எங்கள் வழக்கம் அவருக்கும் நினைவிருந்தது.

“பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வாரும்” என்றார்.

தம்பி திரும்பி வருவதற்குள் ஒட்டிவிடவேண்டும் என்ற அவசரம் எனக்கு. திருநீறு பட்டு அட்டையின் பசை செத்துப்போயிருந்தது. சோற்றைப் பிசைந்து தடவி, சதுரத்துக்குள் வைத்து அழுத்தினேன். அல்பத்தை மேசையில் திறந்தபடி விட்டேன். படலையில் சைக்கிள் சத்தம் கேட்டது. அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான், தண்ணீர்ச் செம்பை எடுக்க மேசையடிக்கு வந்தவன் நின்றுவிட்டான்.

“ஆர் தந்தது?”

“சண்டிலிப்பாய் ஐயா. இப்பதான் கொழும்பிலையிருந்து வந்ததாம்.”

குனிந்து பார்த்தான். முகத்தை அல்ல, இலக்கத்தைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அதில் முழுப் பாரத்தையும் விட்டு இருந்தான்.

“சரிவாய் ஒட்டியிருக்கிறியள் அண்ணை” என்றான். பசை இன்னும் காயவில்லை. பெருவிரலால் அட்டையை மெதுவாக நகர்த்தி நேராக்கினான். மற்றவை எல்லாம் நேராகத்தான் இருந்தன. அந்த அல்பத்தில் நான் சரிவாக ஒட்டியது அது ஒன்றுதான்.

அன்று இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்து கை கழுவியபின் சொன்னான்:

“திரும்பி வந்தால் வேலை தாறமெண்டு றெயில்வேயாலை எழுதியிருக்கினம். காயிதம் வந்து ரண்டு கிழமையாச்சு. உங்களுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

இரண்டு கிழமை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் கடை கடையாகத் திரிந்திருக்கிறான். எனக்கு ஓர் அட்டை கடன் என்று நினைத்துக்கொண்டு அவனால் கப்பலேற முடியாமல் இருந்திருக்கிறது. நான் அந்தச் சதுரத்தை அடைத்ததும் அவனுக்கு வழி திறந்துவிட்டது.

“போ” என்றேன். “நல்ல வேலை. போகத்தான் வேணும்.”

வைகாசியில் போனான். இப்போது மாதம் ஒரு கடிதம் எழுதுகிறான். சுகமாயிருக்கிறான், நானும் அப்படியே என்று நம்புகிறான். சிகரெற் கம்பனிகள் யுத்தம் முடிந்தபின்னும் அட்டை வைக்கத் தொடங்கவில்லை. உறையைப் பிரித்தால் உள்ளே கடிதம் மட்டும் இருக்கிறது.